மூன்றாவது வரிசைக்கு ஒரு பாஸ்

ஏழு பேர் உட்காரலாம் என்று ஒரு வண்டியில் எழுதியிருந்தால், எந்த ஏழு பேர் என்றுதான் நான் முதலில் கேட்பேன். முப்பது வருடம் லிஃப்ட் சோதனை செய்து பிழைத்தவள். எட்டு நபர் என்று தகடு அடித்த பெட்டிக்குள் எட்டு நபரை நிற்க வைத்தால், அதில் நாலு பேராவது புதிதாகக் கல்யாணம் ஆனவர்களாக இருக்க வேண்டும். தகடு அடித்தவர் ஒரு நபருக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் போட்டிருப்பார். அவர் கணக்கில் நபருக்கு முழங்கை கிடையாது.

என் சோதனை முறையை அலுவலகத்தில் கேலி செய்யாதவர்கள் இல்லை. மற்றவர்கள் கயிற்றைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள், இரும்புக் கட்டிகளை ஏற்றி இறக்குவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் அதெல்லாம் முடித்த பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியோடு உள்ளே போய், அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு மாடிகளுக்கு நடுவே மின்சாரத்தை நிறுத்தச் சொல்வேன். கால் மணி நேரம். மாட்டிக்கொண்டவருக்குக் காற்று வருகிறதா, மணி அடித்தால் வெளியே கேட்கிறதா, கேட்டவர் வருகிறாரா என்று மாட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். "நானா சொல்ற வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது" என்பது என் நிபந்தனை. கட்டட முதலாளிகள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஒருவர் என் எதிரிலேயே மூக்கைச் சிந்தி அழுதார். ஒரு பொய் பாஸ் நான் போட்டதில்லை. முட்டி தேய்ந்து, மேல்மாடி இயந்திர அறைக்கு ஏணியில் ஏற முடியாமல் போனபோதுதான் வேலையை விட்டேன்.

அதனால் என் தங்கை சனிக்கிழமை காலையில் போன் செய்து, "அக்கா, ஒரு எஸ்யூவி பாக்கப் போறோம், மூணு வரிசை. நீ வந்து பாஸா பெயிலான்னு சொல்லிட்டா நிம்மதி" என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேலையை விட்டு எட்டு மாதமாக என்னிடம் யாரும் எதற்கும் பாஸ் கேட்கவில்லை.

தங்கை என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், பொருத்தமான பெயர். அதற்குப் பிறகு ஒன்றரை வயதில் இரட்டையர், இரண்டும் பையன்கள். இரட்டையர் பிறந்த வாரம் தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "நீ எங்ககூடவே வந்துடேன்க்கா" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆயா வேலைக்கா? சம்பளம் என்ன தருவீங்க?" என்று கேட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன். ஆனால் என் வாய் வேடிக்கை பேசும்போதும் அதட்டுகிற மாதிரிதான் இருக்குமாம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதோடு சரி, அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

நானும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? ஒன்றரை வருடமாக அவள் இன்னொரு தடவை கேட்க மாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. தனியாக இருக்கிற வீட்டில் குக்கர் சத்தம்கூட ஒரு விருந்தாளி வந்த மாதிரி கேட்கிறது. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் வேறு ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்: இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடுகிறீர்களா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா? இந்த ஞாயிறுக்குள் பதில் வேண்டும். நான் இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

ஷோரூமில் டை கட்டிய ஒரு விற்பனையாளர் எங்களைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஒப்பந்தம் போட வேண்டும்.

"குடும்பத்துக்குன்னே பண்ணின வண்டி மேடம். மூணு வரிசை, ஏழு பேர், பதினாலு கப் ஹோல்டர்."

"ஆளுக்கு ரெண்டா? எதுக்கு?"

"ஒண்ணு காபிக்கு மேடம்."

"இன்னொண்ணு?"

அவர் யோசித்தார். ஏழு பேருக்குப் பதினாலு கப் வைக்க இடம் கண்டுபிடித்தவர்களுக்கு நாலு கால் வைக்க இடம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

என் தங்கை வீட்டுக்காரரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி உயரம், அதிர்ந்து பேசமாட்டார், எதிலும் முடிவெடுப்பதற்கு முன்னால் மூன்று தடவை தொண்டையைச் செருமுவார். அவர் செருமிவிட்டு, "அக்கா, நீங்க கடைசி வரிசையில உக்காந்து பாருங்களேன்" என்றார். நான் குறிப்பு அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். நடு வரிசையின் ஓர இருக்கையில் ஒரு கைப்பிடியை இழுத்தால் அது முன்னால் சாய்ந்து நகர்ந்து வழி விட்டது. அந்த வழியில் முதலில் தலையை விட்டு, பிறகு இடது முட்டியை விட்டு, வலது முட்டியைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன்.

"நானா சொல்ற வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றேன். பழக்க தோஷம்.

"அக்கா அப்படித்தான்" என்று தங்கை டைக்காரருக்கு விளக்கம் சொன்னாள். "உள்ள போயிட்டான்னா அவளா வர்ற வரைக்கும் நாம கூப்பிடக் கூடாது. திட்டுவா."

அதற்குப் பிறகுதான் கார் சீட்டுகள் வந்தன. இரட்டையருக்கு இரண்டு, பின்பக்கம் பார்த்து உட்காருகிற வகை. ஒவ்வொன்றும் ஒரு சின்ன நாற்காலிக் கடை. "ரெண்டு நிமிஷ வேலை சார்" என்றார் டைக்காரர். மாப்பிள்ளை இருக்கைக்குள் முட்டியை ஊன்றி, பெல்ட்டை இழுத்து, விட்டு, இழுத்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, கையேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்து, ஒரு பக்கம் முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நடு வரிசையில் இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. இரண்டும் உட்காருவதற்காக முன் இருக்கைகளை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு உயரமான மனிதர், ஸ்டியரிங் வளையத்தைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, "தாராளமா இருக்கு" என்றார்.

நான் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வழி விட்ட அந்தச் சாய்கிற இருக்கையின் மேல் இப்போது ஒரு கார் சீட் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. இனி அது சாயாது. இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குறிப்பு அட்டையில் எழுதினேன்: கடைசி வரிசையில் இருப்பவர் வெளியே வர வழி இல்லை. அடிக்கோடு போட்டேன். எழுதி முடித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பசிகூட எடுக்காது.

வாலுவின் சீட்டைப் பின்கதவு வழியாகக் கொடுத்து என் பக்கத்திலேயே மாட்டினோம். அவளையும் அந்த வழியாகவே மூட்டை மாதிரி உள்ளே இறக்கினார்கள். குழந்தைகளின் பால் புட்டிப் பையை வைக்க வேறு இடம் இல்லாததால் என் மடிக்கு வந்தது. தள்ளுவண்டியைப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள், கதவு மூடவில்லை. அதை ஷோரூமிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வண்டி ஓடுவதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டுகிறவருக்குச் சொகுசு. நடுவில் இருந்த இரட்டையர் என்னை நேருக்கு நேர் பார்த்தபடி வந்தார்கள். ஒன்று சிரித்தது, ஒன்று முறைத்தது. வேகத்தடை வந்தபோது மட்டும் என் முட்டி தாடையை வந்து விசாரித்துவிட்டுப் போனது. அதையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, பெயில் போடறீங்களா?" என்று வாலு என் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"எழுதிட்டிருக்கேன். இன்னும் போடலை."

"பெயில் போடாதீங்க."

"ஏண்டி, வண்டி உனக்குப் பிடிச்சிருக்கா?"

"இல்ல. பெயில் போட்டா நீங்க எங்க வீட்டுக்கு வரமாட்டீங்களாம்."

பேனாவை நிறுத்தினேன். "யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாரு அம்மாகிட்ட. அக்காகிட்ட நேரா கேக்க வேணாம், கோவிச்சுக்குவாங்க. பெரிய வண்டியக் காட்டுவோம். பாஸ் போட்டா வருவாங்கன்னு அர்த்தம். பெயில் போட்டா, வர இஷ்டமில்லன்னு நாமளே புரிஞ்சுக்கலாம்." ஒப்பிப்பதில் அவள் கெட்டி. "அப்புறம் சின்ன வண்டியே வாங்கிக்கலாம்னு சொன்னாரு. அம்மா அழுதாங்க. பெரியம்மா, உங்களுக்கு எங்க வீடு பிடிக்காதா?"

முன்னால் மாப்பிள்ளை டைக்காரரிடம் மைலேஜ் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கை முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இல்லை. அங்கே டைக்காரர் இருந்தார். அவள் இரண்டு கார் சீட்டுகளுக்கும் நடுவே, அந்த ஒரு சாணில், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரட்டையர் இருவரும் போட்டி போட்டுக் கத்தியதில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவள் பின்னங்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அதில் நரை வந்திருந்தது. எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தொழிலை வைத்து எனக்கே பொறி வைக்கிறார்களா? பிறகு, ஒரு வார்த்தை கேட்கப் பயந்துகொண்டு ஒரு வண்டியையே வாங்கக் கிளம்பியிருக்கிற இந்தப் பைத்தியங்களை நினைத்துச் சிரிப்பு வந்தது. எனக்கு அவர்கள் வீடு பிடிக்கும். அந்த இரைச்சல் பிடிக்கும், சோபாவில் ஒட்டிய பிஸ்கட் பிடிக்கும், உட்கார இடமில்லாத அந்தக் கூடம் பிடிக்கும். போகவேண்டும், உடனே போகவேண்டும் என்றுதான் இருந்தது.

ஆனால் வண்டி பெயில். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஷோரூம் வாசலில் நிழலாகப் பார்த்து நிறுத்தினார்கள். கண்ணாடிகளைப் பாதி இறக்கிவிட்டு, தங்கையும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பையனைத் தூக்கிக்கொண்டார்கள். வாலுவைப் பின்கதவு வழியாக டைக்காரர் வாங்கிக்கொண்டார். கதவுகள் மூடின. எல்லோரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

நான் உட்கார்ந்திருந்தேன். கார் சீட்டுகள் இரண்டும் எனக்கு எதிரே இரண்டு காவல்காரர்களாக நின்றன. ஐந்து நிமிடம் போயிற்று. என் போன் கைப்பையில், கைப்பை முன் இருக்கையில். லிஃப்டில் ஒரு மணியாவது இருக்கும். இங்கே பதினாலு கப் ஹோல்டர் இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மறுபடி தட்டினேன். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை அவரைச் சிரமப்படுத்த விரும்பவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் பின்கதவு திறந்தது. தங்கைதான்.

"அக்கா, பால் பையக் குடு. பெரியவன் கத்தறான்." கொடுத்தேன். அவள் பையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் முடியலையா?" என்று கேட்டாள்.

முடிந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும்.

"முடியலை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தங்கையே என்னை உள்ளே வைத்துப் பூட்டியதில் எனக்கு வருத்தமில்லை. நான்தானே அவளை அப்படிப் பழக்கியிருந்தேன்.

யோசித்தேன். பெயில் என்று சொல்லிவிட்டு, "வண்டிதான் பெயில், நான் வர்றேன்" என்று சேர்த்துச் சொன்னால் போதும். நாலு வார்த்தை. ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி ஆகிவிடும். யார் கூப்பிட்டார்கள் உன்னை என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். நான் கேட்பேன், ராத்திரி படுக்கையில், என்னையே. பாஸ் என்று சொன்னாலோ முப்பது வருடம் கப்பலேறிவிடும். மூக்கைச் சிந்தி அழுத அந்த முதலாளிக்குக்கூட நான் இரங்கவில்லை. இப்போது என் காரியம் என்றதும் பூசி மெழுகுவதா?

ஒரே வழிதான் தெரிந்தது. கடைசி வரிசையிலிருந்து யார் உதவியும் இல்லாமல் ஒரு ஆள் வெளியே வந்துவிட முடியும் என்று நிரூபித்துவிட்டால், பாஸ் நியாயமான பாஸ் ஆகிவிடும். இருபது நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தால் ஒரு மூளை இப்படியும் வேலை செய்யும்.

சீட்டுகளுக்கு நடுவே முயன்றேன். தங்கை எப்படித்தான் அங்கே உட்கார்ந்திருந்தாளோ, என் ஒரு தோள் போயிற்று, அடுத்த தோள் வரமாட்டேன் என்றது. பின்பக்கமாக முயன்றேன். இருக்கையின் மேல் மண்டியிட்டு, முதுகுச்சாய்வைத் தாண்டித் தலையையும் கைகளையும் பின்னால் விட்டேன். வயிறு சாய்வின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூக்குக்கண்ணாடி கழன்று சாமான் வைக்கிற பள்ளத்தில் விழுந்தது. கதவில் கைப்பிடியைத் தேடித் தடவினேன். உள்பக்கம் கைப்பிடியே வைக்கவில்லை. சரி, திரும்பிவிடலாம் என்று காலை ஊன்றப் பார்த்தால், தேய்ந்த முட்டி ஒத்துழைக்க மறுத்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உலர்த்தப் போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு திறந்தது.

தலைகீழாக நாலு ஜோடி செருப்புகள் தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாததால் முகங்கள் மங்கலாக இருந்தன. மாப்பிள்ளை இடுப்பில் ஒன்று, தங்கை இடுப்பில் ஒன்று, நடுவில் வாலு, ஓரத்தில் டை. டைக்காரர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, தொழில் புன்னகையோடு கேட்டார்.

"கடைசி வரிசை எப்படி இருக்கு மேடம்?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். மூன்று தடவையும் செருமி முடித்துவிட்டார். தங்கை பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு நின்றிருப்பது எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். அந்த ஒரு நொடியில் நான் எதையும் யோசிக்கவில்லை.

"பாஸ்" என்றேன்.

காவலாளிகூட எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்து மூடினார். தங்கை குனிந்து, பள்ளத்தில் கிடந்த என் கண்ணாடியை எடுத்தாள். தன் மேல்துணியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நிஜமாவாக்கா?"

"நான் எப்பவாவது பொய் பாஸ் போட்டிருக்கேனா?"

"இல்ல" என்றாள். கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டாள். இப்போது அவள் தெளிவாகத் தெரிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. "போட்டதே இல்ல. நேத்து நானும் அவரும் வந்து பாத்தோம்க்கா. அந்த வரிசையில நானும் மாட்டிக்கிட்டேன். நீ கண்டிப்பா பெயில் போட்டுடுவேன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல."

அந்த நிலையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வழியில்லை. அழுதேன். தலைகீழாக இருந்ததால் கண்ணீர் நெற்றிப் பக்கம் ஓடியது.

"எப்பக்கா வர்றே?" ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டேவிட்டாள்.

"முதல்ல என்னை இறக்குடி."

மாப்பிள்ளை கார் சீட்டுகளைக் கழற்ற ஓடினார். மாட்டியதைவிடக் கழற்ற நேரம் ஆகும் என்று கையேட்டில் போட்டிருந்ததாம். டைக்காரர் ரெண்டு நிமிஷ வேலை என்றார். எனக்கு அசைக்க முடிந்தது கைகளை மட்டும்தான். தங்கையிடம் என் கைப்பையை எடுத்து வரச் சொல்லி, போனை வாங்கி, வீட்டுச் சொந்தக்காரரை அழைத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்றேன்.

அவர் ஏதோ சொன்னார், சரியாகக் கேட்கவில்லை. பிறகு கேட்டார்: "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கே? எங்கேருந்து பேசறீங்க?"

"குடும்பத்தோட வெளிய வந்திருக்கேன்" என்றேன்.